பேட்டரி செத்தாலும் பொறி பறக்கும்... விமான மேக்னெட்டோவில் ஒரு குட்டி சென்சார்!

திருவண்ணாமலையில் விமான நிலையம் கிடையாது. ஆனால், போளூர் ரோட்டிலோ செங்கம் ரோட்டிலோ உள்ள பழைய டூவீலர் மெக்கானிக்கிடம் கேட்டால், 'மேக்னட் காயில்' என்றால் என்னவென்று சொல்லிவிடுவார். பெடலை நாலு மிதி மிதித்ததும் டி.வி.எஸ். 50 ஸ்டார்ட் ஆகுமே, அது அந்தக் காயிலின் புண்ணியம்தான். ஒரு காந்தம் சுழலும், பக்கத்தில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். பொறிக்குத் தேவையான மின்சாரம் அங்கேயே பிறந்துவிடும்.

அதற்கு அண்ணன் முறைதான் சின்ன விமானங்களின் மேக்னெட்டோ. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்திலும் ஒன்று இருந்தது. பைலட் பயிற்சிக்குப் பேர்போன செஸ்னா 172-ல் இரண்டு உண்டு. ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று கைகொடுக்கும். நடுவானில் பேட்டரியே கைவிட்டாலும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது பைலட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய விமானங்களில், பைக் ஸ்பீடாமீட்டர் போல ஒரு கேபிள்தான் முள்ளை நகர்த்தும். கேபிள் தேய்ந்தால் முள் தாளம் போட ஆரம்பித்துவிடும். டிஜிட்டல் மீட்டருக்கு மாறும்போது, கேபிள் இருந்த வேலைக்கு சென்சார் வருகிறது. அதைப் பொருத்த இரண்டு வழிகள்.

முதல் வழி சுலபம். மேக்னெட்டோவின் உடம்பில் காற்று போக ஒரு துளை, அதற்கு ஒரு திருகு மூடி. மூடியைக் கழற்றி, அதே மரையில் சென்சாரை முறுக்கிவிடலாம். உள்ளே காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு கிடைக்கும். ஒரு சின்ன சிக்கல் உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினில் மேக்னெட்டோ இன்ஜின் வேகத்திலேயே சுற்றும், ஆறு சிலிண்டரில் ஒன்றரை மடங்கு வேகம். மீட்டரில் இதைச் சரியாக செட் செய்யாவிட்டால், 2,400 காட்ட வேண்டிய இடத்தில் 3,600 காட்டிப் பயமுறுத்தும்!

இரண்டாவது வழி, மேக்னெட்டோவை அணைக்கும் ஒயரிலிருந்து சிக்னல் எடுப்பது. இங்கேதான் கவனம் தேவை. இந்த ஒயர் வீட்டு ஸ்விட்சுக்கு நேர் தலைகீழ். வீட்டில் ஒயர் அறுந்தால் விளக்கு அணையும். இங்கே ஒயரை எர்த் செய்தால்தான் மேக்னெட்டோ அணையும். வேலை செய்யும்போது ஒயர் அறுந்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது புரொப்பல்லரைக் கையால் சுற்றினால், இன்ஜின் ஒரு உதை உதைக்கலாம். கை போகலாம், உயிரே போகலாம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. சென்சாருக்குப் போகும் ஒயர் உரசி உரசி விமானத்தின் உடம்பில் பட்டால், பறக்கும்போதே அந்த மேக்னெட்டோ அணைந்துவிடும். அதனால்தான் ஒயர் பிரியும் இடத்திலேயே ஒரு ரெசிஸ்டர் வைக்கிறார்கள்.

இன்னொன்று: புறப்படும் முன் பைலட்டுகள் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்து, சுற்று எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். செஸ்னா 172எஸ் ரகத்தில் 1,800 சுற்றில் வைத்துப் பார்க்கும்போது 150-க்கு மேல் குறையக் கூடாது. ஒரு மேக்னெட்டோவின் ஒயரிலிருந்து மட்டும் சிக்னல் எடுத்தால், அதை அணைத்ததும் மீட்டர் பூஜ்யம் காட்டும். அப்புறம் எதைப் பார்த்துச் சோதிப்பது? துளையில் பொருத்திய சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. பொறி நின்றாலும் காந்தம் சுற்றிக்கொண்டுதானே இருக்கும்!

நம்மூர் ஒர்க்‌ஷாப் போல நினைத்ததும் மாட்டிவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பாகமாக இருக்க வேண்டும், டி.ஜி.சி.ஏ. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சாவியை ஒரு கணம் 'ஆஃப்' பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். சத்தம் சட்டென விழுந்தால் ஒயர் நலம். விழாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அன்றைக்கு அந்த விமானம் ஹேங்கருக்குத் திரும்ப வேண்டியதுதான்.