யார் செய்தார்கள் என்று எழுதுங்கள்

நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். கிராமச் சமூக உறவுகள் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவர் எழுதிய முதல் வரி: “எங்கள் ஊர் டீக்கடையில் என் பாட்டிக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றினார்கள்.” பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்து, ‘சொந்தக் கதை வேண்டாம், நடுநிலையாக எழுதவும்’ என்று குறித்திருந்தார்.

தங்கை திருத்திக் கொண்டுவந்த வரி: “சில கிராமங்களில் சில பிரிவினரிடையே சில பாகுபாடுகள் நிலவியதாகக் கூறப்படுகிறது.”

மூன்று ‘சில’. பாட்டி இல்லை, கொட்டாங்குச்சி இல்லை, டீ ஊற்றிய கையும் இல்லை. இலக்கணப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று எதுவும் தெரியவில்லை. இதற்குப் பெயர்தான் நடுநிலையா?

அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்களும் சமூகவியல் முதுகலை படித்தபோது ‘விளிம்புநிலை மக்கள்’ என்று பக்கம் பக்கமாக எழுதினோம். எங்கள் தெருவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மதிப்பெண் நன்றாகவே வந்தது.

அதே சமயம், அந்தச் சிவப்பு மை முழுக்கத் தவறும் இல்லை. அடுத்த பத்தியில் தங்கை, ‘இந்தியாவின் எல்லாக் கிராமங்களிலும் இன்றும் இதே நிலைதான்’ என்று எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று கேட்டிருந்தார்கள். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால் நம் கட்டுரை வலுவாகும். எந்தத் திருத்தம் நம் வாதத்தை வலுவாக்குகிறது, எது நம்மையே அழிக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழக மானுடவியல் கருத்தரங்கில் சாதியின் தோற்றம் பற்றிய கட்டுரையை வாசித்தபோது அவருக்கு வயது 25. அதுவும் ஒரு மாணவர் கட்டுரைதான். செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே குறை என்று காட்டி, அகமணமே சாதியின் அடிப்படை என்று நிறுவினார். மறு ஆண்டு அது அச்சிலும் வந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1936இல், லாகூர் மாநாட்டுக்காக அவர் எழுதிய தலைமையுரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள், அழைத்தவர்களே. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நடக்கவில்லை. ‘சாதி ஒழிப்பு’ என்று அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார்.

அவர் திருத்தமே செய்யாத பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். 1944இல் மூன்றாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், 1916ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்து நூலையே மாற்றி எழுத நினைத்ததாகவும், நேரம் கிடைக்கவில்லை என்றும் சொல்கிறார். பிறர் மனம் நோகக்கூடாது என்பதற்காகக் காற்புள்ளியைக்கூட மாற்றாதவர், வாதம் வலுப்பெறும் என்றால் முழு நூலையும் திருத்தத் தயாராக இருந்தார்.

ஆகவே தோழர்களே, முதல் வரைவை வீட்டில் பேசும் மொழியில் எழுதுங்கள். அதை அழிக்காமல் வைத்திருங்கள். மறுநாள் சத்தமாக வாசியுங்கள். ‘நிலவியது’, ‘மறுக்கப்பட்டது’, ‘ஒதுக்கப்பட்டனர்’ என்று முடியும் வரிகளில் நின்று, யார் மறுத்தார், யார் ஒதுக்கினார் என்று கேளுங்கள். தெரிந்தால் எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் காலம், யார் சொன்னார் என்பதையும் சேருங்கள். ‘எல்லா’ என்று எழுதிய இடத்தில் எண்ணிப் பார்த்ததை மட்டும் வையுங்கள்.

தங்கையை மறுபடி பாட்டியிடம் அனுப்பினோம். மூன்றாவது வரைவு இப்படித் தொடங்குகிறது: “என் பாட்டிக்கு வயது 71. அவர் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடைக்காரர் அவருக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றினார். குடித்து முடித்ததும் பாட்டியே அதைக் கழுவிக் கூரையில் செருகிவிட்டு வர வேண்டும். இதை அவர் என்னிடம் நேர்காணலில் சொன்னார்.”

இனி இதைச் சொந்தக் கதை என்று ஒதுக்க முடியாது. வாய்மொழி வரலாறு என்று சமூகவியலே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

“மதிப்பெண் குறைஞ்சா என்னக்கா பண்றது?” என்று கேட்டார். குறையலாம். குறையாது என்று பொய் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. குறைந்தால் காரணத்தை எழுத்தில் கேட்போம், நாங்களும் உடன் வருகிறோம் என்றோம். கட்டுரையைக் கொடுத்துவிட்டார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்று இரவு பேத்தி அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுவிட்டுப் பாட்டி ஒரு திருத்தம் சொன்னாராம்: “கடைக்காரன் பேரையும் போடு.”