தாளப்பெட்டியும் நடை மாற்றமும்

பொங்கல் விழா மேடைக்கு நம் இளைஞர் குழுவினர் இவ்வாண்டு சீக்வென்சர் என்னும் தாளப்பெட்டியொன்றைக் கொணர எண்ணியுள்ளனர். மிருதங்கம் பயிற்றும் அன்பரோ, "பெட்டி நடை மாறுமா?" என்று வினவுகிறார். மாறாதெனின் தாம் அதனோடு அமர இயலாது என்பது அவர் கட்சி. வினா முறையானதே, விடையை நாடுவோம்.

இத்தகைய பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் மொழிக்கு மிடி என்று பெயர். அமெரிக்கரான டேவ் ஸ்மித், ஜப்பானியரான இக்குதாரோ காக்கெஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983-இல் அது வழக்கிற்கு வந்தது. 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது அளிக்கப்பெற்றது.

முன்னாளில் பெரிய இரயில் நிலையங்களில் தலைமைக் கடிகாரம் ஒன்றிருந்து, பிளாட்பாரக் கடிகாரங்களுக்கு மின்துடிப்பு அனுப்பும். பிளாட்பாரக் கடிகாரம் மணி இன்னதென அறியாது. துடிப்பு வந்ததும் முள்ளை ஒரு படி நகர்த்தும், அவ்வளவே. மிடிக் கடிகாரமும் அத்தகையதே. நிமிடத்திற்கு 80 தட்டு என்னும் எண் கம்பியில் செல்வதில்லை. தட்டொன்றுக்கு 24 துடிப்புகள் செல்கின்றன. பெறும் பெட்டி அவற்றை எண்ணுகிறது.

எத்தனை துடிப்புக்கு ஓர் அடியை ஒலிப்பது என்பதே பகுப்பு. ஆறு துடிப்புக்கு ஓர் அடி எனில் தட்டுக்கு நான்கு. அது சதுஸ்ர நடை. எட்டுக்கு ஒன்று எனில் மூன்று, அது திஸ்ரம். துடிப்பின் வேகம் மாறாமையால் காலப்பிரமாணம் நிற்க, நடை மட்டும் மாறுகிறது. வித்துவான் கேட்பதும் அதுவேயன்றோ?

இப்பகுப்பை வெளியிலிருந்து மிடிக் கட்டளையாலும் மாற்றலாம். கட்டளையில் பொத்தானின் எண்ணொன்றும், 0 முதல் 127 வரையுள்ள மதிப்பொன்றும் அடங்கும். எவ்வெண் பகுப்பை ஆளும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். சிலவற்றில் அவ்வசதியே இராது. ஆதலின் வாங்குமுன் கையேட்டைப் பார்த்தல் வேண்டும். கட்டளை எட்டிய கணமே சில பெட்டிகள் மாறிவிடும். ஆவர்த்தனத்தின் நடுவே அவ்வாறு நேர்ந்தால் சமம் வழுவும். சபையில் பெரியவர்கள் முகம் சுளிப்பர். எனவே கட்டளையைச் சமத்திற்குச் சற்று முன்னர் அனுப்புவதே தக்கது. ஆவர்த்தனம் முடியும்வரை காத்திருந்து மாறும் பெட்டி கிடைக்குமாயின் இத்தொல்லை இல்லை.

இனிக் கண்ட நடைக்கு வருவோம். இங்கேதான் பெட்டியின் அயல்நாட்டுப் பிறப்பு வெளிப்படுகிறது. 24-ஐ மூன்றாலும் நான்காலும் வகுக்கலாம். ஐந்தால் வகுத்தால் 4.8, ஏழாலும் மீதமின்றி வராது. பின்னத் துடிப்பைப் பெட்டி எண்ணுவதெங்ஙனம்? நம் லயத்திற்கு இன்றியமையாத கண்டமும் மிஸ்ரமும் மிடியின் கணக்கிலேயே இடம்பெறவில்லை. இதனால் பெட்டியே ஆகாது என்பார்க்கு நாம் உடன்படோம், வழியுண்டு.

தாளம் நிமிடத்திற்கு 80 தட்டு என்று கொள்க. பெட்டியின் வேகத்தை 100-ஆக வைத்துப் பகுப்பை நான்கிலேயே விடுக. நிமிடத்திற்கு 400 அடிகள் ஒலிக்கும். 80 தட்டுக்குப் பங்கிட்டால் தட்டுக்கு ஐந்து. நம் தட்டு ஒன்றுக்கு இப்போது 24 அன்று, 30 துடிப்புகள். ஆதி தாளத்து எட்டுத் தட்டுக்கு 40 அடிகள் வருமாறு கோவையின் நீளத்தை அமைத்துக்கொள்ளல் வேண்டும். மிஸ்ரத்திற்கு வேகம் 140. கோவை 56 அடி. அதே கம்பியில் வேறு பெட்டி இணைந்திருப்பின் அதுவும் விரைந்தோடும் என்பதை மறத்தலாகாது; அதற்கும் இக்கணக்கையே கொடுக்க வேண்டும்.

பாட்டின் நடுவே சதுஸ்ரத்தினின்று கண்டத்திற்குத் தாவுவதாயின் வேகத்தையே சமத்தில் மாற்ற நேரும். கைப்பிடியைத் திருகி அதனைச் செய்தல் கடினம். ஒத்திகையில் வித்துவான் தட்ட, பிள்ளைகள் பத்து முறையேனும் பழகிப் பார்க்கட்டும். ஞாயிறு மாலை நான்கு மணி முதல் சங்கக் கூடம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது.