கடலோரச் சாலையில் மிதிவண்டி



தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாக மிதிவண்டியில் சென்றுவர நம் பங்கின் இளையோர் அனுமதி கேட்டிருக்கின்றனர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பொங்கல் கழிந்த பின் இரண்டு நாள் பயணம். பதினெட்டுப் பேரில் அறுவர் பெண்மக்கள். 'பஸ்சில் போனால் அரை நாளில் போய்விடலாமே சாமி, எதற்கு இந்த வீண் பாடு?' என்று பெற்றோர் பலர் நம்மை வினவினர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையிறுக்க நேரமில்லாமையால் இப்பக்கத்திலே எழுதுகின்றோம்.

பேருந்தில் செல்பவன் ஊர்களைக் கடந்து போகிறான். மிதிவண்டியில் செல்பவனோ ஒவ்வோர் ஊருக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிறான். இவ்வேற்றுமை இந்தச் சாலையிலே மிகத் தெளிவாகப் புலப்படும். 1713இல் எழுந்த நமது பனிமய மாதா பேராலயத்தின் முன்னிருந்து புறப்பட்டு, முள்ளக்காட்டைத் தாண்டிவிட்டால் இருமருங்கும் உப்பளங்கள். பேருந்தின் சன்னல் வழியே தெரிவன வெண்குவியல்கள் மட்டுமே. மிதிவண்டியை நிறுத்திக் கால் ஊன்றி நிற்பவனுக்கு, விடியுமுன்னரே வந்து பாத்தியில் இறங்கி வாருகின்ற பெண்களின் கால்கள் தெரியும். உப்புநீரில் வெடித்த அப்பாதங்களைக் கண்ட பிள்ளை, வீட்டில் உப்பு இல்லை என்று எளிதாகக் குறை கூறமாட்டான்.

அடுத்து வருவது பழையகாயல். மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் துறைமுகம் இதுவே என ஆய்வாளர் கருதுவர். குதிரைகளும் முத்துக்களும் கைமாறிய துறையை ஆற்று வண்டல் தூர்த்துவிட, கடல் விலகிப் போயிற்று. இன்று அங்கே நிற்பவன் கடலைக் காணமாட்டான். முக்காணியில் தாமிரபரணியின் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். திடீரென வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் நெருங்கி நின்று, சற்றுமுன் கண்ட வெறுமையான உப்பு நிலத்தை மறக்கச் செய்யும். காற்றின் மணமே மாறிவிடும். இதனைச் சன்னல் அடைத்த வாகனத்தில் இருப்பவர் எவரும் அறியார்.

ஆறுமுகநேரியையும் காயல்பட்டினத்தையும் கடந்து போகும்போது இளையோர் ஒன்றை நினைவு கூரட்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. பாலங்களும் சாலைகளும் அறுந்து ஊர்கள் தீவுகளாயின. ஆகவே நவம்பர், டிசம்பர் மாதங்களில் இப்பயணம் வேண்டாம் என்று நாம் கூறுவது வெறும் அச்சத்தால் அன்று.

திருச்செந்தூரிலிருந்து இரு வழிகள் உண்டு. ஆலந்தலை, குலசேகரன்பட்டினம் வழியாகக் கடலோரமாகப் போவது ஒன்று. பரமன்குறிச்சி வழியாக உள்ளே சென்று உடன்குடியை அடைவது மற்றொன்று. நாம் இரண்டாவதையே பரிந்துரைப்போம். கடலோரத்து மக்கள் தம் முதுகுக்குப் பின்னால் இருக்கின்ற தேரி நிலத்தை எண்ணிப் பார்ப்பது அரிது. செக்கச் சிவந்த மணல் மேடு மேடாகக் குவிந்து, ஊடே பனைகள் நிற்கும். காற்று வீசுகையில் அச்செம்மணல் சாலையின்மேல் படரும். சக்கரம் வழுக்கும் இடம் அது. இறங்கித் தள்ளிச் செல்வதில் இழுக்கில்லை. இத்தனை வறண்ட மணலுக்குள்ளே, மேலப்புதுக்குடி அய்யனார் கோவில் அருகே, நன்னீர்ச் சுனை ஒன்று இருக்கின்றது என்றால் நேரில் காணாதவர் நம்பமாட்டார்.

நம் இளமையில் இவ்வழியே நாள்தோறும் மிதிவண்டிகள் ஓடின. உல்லாசத்துக்காக அல்ல, பின் காரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பனிக்கட்டி உருகுமுன் தேரி ஊர்களைச் சேர்ந்துவிட வேண்டுமென்று மிதித்த மீன்காரர்கள் அவர்கள். திரும்பும்போது அதே பெட்டியில் கருப்பட்டி வரும். கடற்கரையானுக்கும் பனையேறிக்கும் இடையே நட்பும் பிணக்கும் இருந்ததுண்டு. ஆயினும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. பின்னர் டி.வி.எஸ். 50 வந்தது, அதன்பின் சரக்கு ஆட்டோ வந்தது. இன்று கடலோரப் பிள்ளை உடன்குடியைக் கருப்பட்டிப் பொட்டலத்தின்மேல் மட்டுமே வாசிக்கிறான். பனையேறியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவானாயின், இப்பயணத்துக்கு அதுவே போதும் என்போம்.

முதல் நாள் மணப்பாட்டில் தங்கட்டும். அதுவரை 60 கிலோமீட்டர் இருக்கும். கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயமும், கீழே புனித சவேரியார் தங்கிச் செபித்த குகையும் உள்ளன. 1542இல் இக்கரைக்கு வந்த அவர் ஊர் ஊராக நடந்தே சென்றவர். நம் இளையோருக்குச் சக்கரமாவது இருக்கின்றது! மாலையில் குன்றின்மேலிருந்து பார்த்தால் மறுநாள் செல்லவேண்டிய கரை முழுதும் வளைந்து கிடப்பது தெரியும்.

இரண்டாம் நாள் வழியில் ஏற்றம் என்பது பேருக்கும் இல்லை. ஆனால் காற்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று பாய்ந்து வரும். 1752இல் புனித தேவசகாயம் உயிர்நீத்த காற்றாடிமலையின் பெயரே அதனை உணர்த்தும். அக்காற்றை நம்பித்தான் இத்தனை ஆயிரம் காற்றாலைகளை நாட்டியிருக்கின்றனர். அம்மாதங்களில் உவரியிலிருந்து கன்னியாகுமரி நோக்கி மிதிப்பவன் சுவரைத் தள்ளுவது போலவே மிதிக்க வேண்டும். அக்காலத்தில் செல்ல விரும்புவோர் கன்னியாகுமரியில் தொடங்கித் தூத்துக்குடிக்கு வருவதே அறிவுடைமை. ஜனவரியிலோ வாடைக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். ஆகவேதான் இளையோர் பொங்கலைத் தேர்ந்துகொண்டது சரியென்றோம்.

பெரியதாழையைக் கடந்து உவரியில் புனித அந்தோனியார் திருத்தலம். கப்பல் வடிவில் எழுப்பிய மாதா கோவிலும் அவ்வூரிலேதான். அங்கேயே கடலோரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோவிலும் இருக்கின்றது. அப்பால் நவ்வலடி வழியாகச் செல்லும் பெருஞ்சாலையை விட்டு இடப்புறம் இறங்கினால் கூட்டப்பனை, கூத்தங்குழி, இடிந்தகரை எனக் கடற்கரை ஊர்கள். வழி சற்று நீளும், போகட்டும். இடிந்தகரையில் லூர்து மாதா கோவிலின் முற்றத்தைப் பார்க்காமல் வரக்கூடாது. 2011இல் அணு உலைக்கெதிராக ஆயிரக்கணக்கானோர் பட்டினி கிடந்து அமர்ந்த இடம் அது. கூடங்குளத்து உலைக் கூடங்கள் அங்கிருந்தே கண்ணுக்குத் தெரியும். சரி, தவறு எவர் பக்கம் என்று இளையோர் தமக்குள் வாதிடட்டும். ஆனால் இடத்தைப் பார்த்துவிட்டு வாதிடட்டும்.

இனி, பெற்றோரின் அச்சத்தைப் பற்றி. தாய் ஒருவர் நம்மிடம் வந்து நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அவருடைய தம்பி இதே சாலையில் இரவு நேரம் சரக்குந்து மோதி இறந்தவர். 'மகள் கேட்கிறாள் சாமி, எனக்கு அந்தச் சாலையின் பெயரைக் கேட்டாலே கை நடுங்குகிறது' என்றார். அவ்வச்சத்தை விசுவாசக் குறைவு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இறைவன் காப்பார் என்று கூறி அனுப்பிவிடவும் விரும்பவில்லை. காக்க வேண்டிய பொறுப்பில் நமக்குள்ள பங்கை நாம் செய்ய வேண்டும்.

ஆகவே நாம் விதித்திருப்பவை இவை. விடிவெளிச்சம் கண்ட பின்னரே, ஆறேகால் மணிக்குப் புறப்படுதல். துறைமுகச் சரக்குந்துகள் மலிந்த நகரப் பகுதியில் எவரும் மிதிக்க வேண்டாம். பேராலயத்தில் செபித்தபின் வண்டிகளை வேனில் ஏற்றி முள்ளக்காட்டில் இறக்குவோம். ஒருவர் பின் ஒருவராக, சாலையின் இடப்பக்கம். காதில் பாட்டுக் கருவி கூடாது. பதினொரு மணிக்குமேல் வெயில் தணியும்வரை நிழலில் ஓய்வு. இருள் கவியுமுன் தங்குமிடம். எக்காரணத்தாலும் இரவில் சாலையில் இருத்தல் ஆகாது. பந்தயம் வைப்போர் அங்கிருந்தே பேருந்தில் வீடு திரும்பலாம். குலசைத் தசராவையும் உவரித் திருவிழாவையும் ஒட்டிய நாள்களில் வாகன நெரிசல் மிகும். அந்நாள்களில் எக்குழுவுக்கும் அனுமதி தரமாட்டோம்.

பெண்மக்களை மட்டும் நிறுத்திவிடலாமே என்று சிலர் யோசனை கூறினர். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் தாய்மாரும் ஆயிரமாயிரமாக மிதிவண்டி கற்று வீதிக்கு வந்தனர். அவர்களுடைய பேத்தியர் வயதுப் பிள்ளைகளை இன்று வீட்டில் இருத்திவைக்க நாம் உடன்படோம். உடன் செல்ல ஆசிரியைகள் இருவர் இசைந்துள்ளனர். மேற்சொன்ன தாய் இன்னும் இணங்கவில்லை. அவரை வற்புறுத்தவேண்டாமென அவர் மகளிடமே கூறியிருக்கின்றோம்.

மோட்டார் சைக்கிளின் விலைக்கு விற்கும் பந்தய வண்டிகள் தேவையில்லை. வீட்டிலுள்ள வண்டியே போதும். செயினுக்கு எண்ணெய் இட்டு, பிரேக் கட்டைகளை மாற்றி, பின்புறம் சிவப்பு விளக்குப் பொருத்திக்கொள்ளட்டும். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உதிர்ந்து கிடக்கும் வழியாதலால் ஆளுக்கொரு மாற்று டியூப், நால்வருக்கொரு பம்பு வேண்டும். பங்க்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளாத எவரையும் சேர்த்துக்கொள்வதாக இல்லை; வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் கோவில் மணிக்கூண்டு அருகே சைக்கிள் கடைக்காரர் ஒருவர் அதனைக் கற்றுக்கொடுப்பார். கன்னியாகுமரியிலிருந்து பிள்ளைகள் பேருந்தில் திரும்புவர். வண்டிகளை ஏற்றிவரச் சிறு சரக்குந்து ஒன்று தேவைப்படுகின்றது. டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு உதவ முன்வருவோர் நம்மைச் சந்திக்கலாம்.