எம்.எஸ். நோய்க்கு ஊசிக்குப் பதில் மாத்திரை: முதல் டோஸுக்கு 6 மணி நேரம் ஆஸ்பத்திரியில் உட்கார வைப்பது ஏன்?

0.5 மில்லிகிராம் காப்ஸ்யூல். தண்ணீரோடு விழுங்க இரண்டு விநாடி போதும். ஆனால் ஃபிங்கோலிமோட் என்ற இந்த மருந்தை முதன்முதலாக எடுப்பவர், விழுங்கிய கையோடு வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. முன்னதாக ஒரு இ.சி.ஜி. எடுப்பார்கள். அடுத்த ஆறு மணி நேரம், மணிக்கு ஒருமுறை நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். கடைசியில் இன்னொரு இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்தால்தான் அனுப்புவார்கள்.

ஒரு மாத்திரைக்கு ஏன் இவ்வளவு?

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உடலின் நோய் எதிர்ப்புப் படை தன் சொந்த நரம்புகளையே தாக்கும் நோய். மின் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல மூளை, தண்டுவட நரம்புகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. அது அரிக்கப்படும்போது கண் மங்கலாம், கால் மரத்துப்போகலாம், நடை தடுமாறலாம். உலக அளவில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருக்கிறது. அதில் பெண்கள் ஆண்களைப் போல் இரு மடங்கு. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது வேலை, கல்யாணம், குழந்தை என்று ஓடும் வயதில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

ஊசியில் இருந்து காப்ஸ்யூலுக்கு

1993-ல் அமெரிக்காவில் முதல் இன்டர்ஃபெரான் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த 17 ஆண்டுகள் எம்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்த ஊசியோ டிரிப்ஸோதான் வழி. சிலர் ஒருநாள் விட்டு ஒருநாள் தனக்குத்தானே குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2010 செப்டம்பரில் ஃபிங்கோலிமோடுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. நோயின் போக்கையே மாற்றும் முதல் வாய்வழி மருந்து இதுதான்.

இதன் பூர்வீகம் சுவாரசியமானது. சிள்வண்டின் புழு மேல் வளரும் ஒருவகைப் பூஞ்சையில் இருந்து, கியோட்டோ பல்கலைக்கழகத்தின் டெட்சுரோ ஃபுஜிடா குழு ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதை மாற்றியமைத்து உருவாக்கியதுதான் ஃபிங்கோலிமோட். ரத்தத்தில் சுற்றும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களை நிணநீர்க் கணுக்களுக்குள்ளேயே இது பூட்டி வைக்கிறது. வெளியே வந்தால்தானே மூளைக்குப் போய் வம்பு செய்யும்? ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை பழைய அளவில் கால் பங்கு அளவுக்குக்கூட இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், அணுக்களைப் பூட்டும் அதே வகை ஏற்பி இதயத்திலும் இருக்கிறது. முதல் டோஸ் உள்ளே போன ஒரு மணி நேரத்தில் இதயத்துடிப்பு குறையத் தொடங்கும். நான்கைந்து மணி நேரத்தில் சராசரியாக நிமிடத்துக்கு 12, 13 துடிப்பு வரை இறங்கும். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சிலருக்குத் தலைசுற்றும். அரிதாகச் சிலருக்கு இதயத்தின் மின் ஓட்டத்தில் தடை ஏற்படும். அந்த ஆறு மணி நேரம் இதற்காகத்தான். தினமும் எடுக்க எடுக்க இதயம் பழகி, ஒரு மாதத்துக்குள் துடிப்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.

2011-ல் அமெரிக்காவில் ஒரு நோயாளி முதல் டோஸ் எடுத்த 24 மணி நேரத்துக்குள் இறந்துபோனார். மருந்துதான் காரணமா என்பதை எஃப்.டி.ஏ.வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் 2012-ல் விதிகள் இறுகின. அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் சில வகை இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த மருந்து கூடாது. துடிப்பைக் குறைக்கும் வேறு மாத்திரை எடுப்பவர்களை இரவு முழுக்கக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

'சின்ன வயசுல அம்மை போட்டுச்சு' போதாது

மருந்து தொடங்கும் முன் டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி நம் வீடுகளில் தனிக் குழப்பம்: சிக்கன்பாக்ஸ் வந்திருக்கிறதா? நாம் அம்மாவிடம் கேட்போம். 'அஞ்சு வயசுல அம்மை போட்டுச்சு, வேப்பிலை கட்டினோம்' என்பார். ஆனால் நம் ஊரில் 'அம்மை' என்ற ஒரே சொல் சின்னம்மைக்கும் தட்டம்மைக்கும், சமயத்தில் வேறு சிலவற்றுக்கும் பொது. எது வந்தது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வெள்ளை அணுக்கள் பூட்டப்பட்ட உடம்பில் சின்னம்மை வந்தால் அது விளையாட்டு இல்லை. அதனால் மருத்துவச் சான்றோ தடுப்பூசிப் பதிவோ இல்லாவிட்டால், ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் தடுப்பூசி, அதன்பின் ஒரு மாதம் காத்திருப்பு, பிறகுதான் முதல் காப்ஸ்யூல். இதோடு கல்லீரல் பரிசோதனையும் கண் பரிசோதனையும் உண்டு. விழித்திரையின் மையத்தில் நீர் கோக்கலாம் என்பதால் மூன்று, நான்கு மாதம் கழித்துக் கண்ணை மறுபடி பார்ப்பார்கள்.

மற்ற மாத்திரைகளும் சும்மா இல்லை. 2013-ல் வந்த டைமெத்தில் ஃபியூமரேட் இதயத்தைத் தொடாது. ஆனால் முகம் சிவந்து சூடாவதும் வயிற்றுக் கோளாறும் முதல் மாதத்தில் அதிகம். அதனால்தான் முதல் வாரம் பாதி டோஸில் தொடங்குகிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு எடுத்தால் தொல்லை குறையும். (சோஃபாவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வைத்த பாக்கெட்டில் இதே ரசாயனம் இருந்து ஐரோப்பாவில் பலருக்குத் தோல் வெந்துபோனது தனிக் கதை.) 2012-ல் வந்த டெரிஃப்ளூனோமைடுக்குக் கல்லீரல் பரிசோதனை முதல் ஆறு மாதம் மாதாமாதம் தேவை. காசநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். இந்தியாவில் இதை ஒரு சம்பிரதாயமாக நினைத்துத் தாண்டிவிட முடியாது.

'எடுத்தும் ஒண்ணும் தெரியலையே?'

புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். தலைவலி மாத்திரை போட்டால் தலைவலி போகும். எம்.எஸ். மாத்திரை போட்டால் மரத்த கால் சரியாகாது. இது ஏற்கெனவே நடந்த சேதத்துக்கான மருந்தே இல்லை, அடுத்த தாக்குதலைத் தடுப்பதற்கானது. 2010-ல் வெளியான ஓராண்டு ஆய்வில், வாரம் ஒருமுறை இன்டர்ஃபெரான் ஊசி போட்டவர்களில் ஆண்டுக்கு 100 பேருக்கு 33 தாக்குதல்கள் என்ற கணக்கு. ஃபிங்கோலிமோட் எடுத்தவர்களில் அது 16. பெரிய வித்தியாசம்தான். ஆனால் வராமல்போன தாக்குதலை யாரால் உணர முடியும்? எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புதிய தழும்பு இல்லை என்று தெரியும்போதுதான் மருந்து வேலை செய்வது தெரியும்.

நம் வெயில் இதில் இன்னொரு குழப்பம். உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தற்காலிகமாகத் திரும்பும். மே மாதம் மதியம் பைக்கில் போய்விட்டு வந்து கண் மங்கினால் 'மருந்து ஃபெயில்' என்று முடிவுகட்டக் கூடாது. உடம்பு குளிர்ந்ததும் சரியானால் அது சூட்டின் வேலை. 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

நிறுத்துவதும் ஒரு சிகிச்சை முடிவுதான்

ஊசியை நிறுத்துகிறேன் என்றால் வீட்டில் நான்கு பேர் கேட்பார்கள். மாத்திரையை நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. ஆபத்தே அதுதான். 2018 நவம்பரில் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: ஃபிங்கோலிமோடை நிறுத்திய 2 முதல் 24 வாரங்களுக்குள், நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி, ஊனம் தீவிரமான 35 பேர். எட்டு ஆண்டுகளில் இது பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் சிலர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

கல்யாணம் நிச்சயமானதும் நோயை மறைப்பதற்காக ஸ்ட்ரிப்பை பீரோவில் ஒளித்து, பிறகு நிறுத்தியே விடும் பெண்ணுக்கு இந்த எச்சரிக்கை நேரடியாகப் பொருந்தும். அதற்காக கர்ப்பத்தின்போது தொடரவும் முடியாது. கருவுக்குக் குறைபாடு வரலாம் என்பதால் கர்ப்பிணிகளுக்கு இதை 2019-ல் ஐரோப்பிய மருந்துகள் முகமை தடை செய்தது. நிறுத்தி இரண்டு மாதமாவது கருத்தடை தொடர வேண்டும். டெரிஃப்ளூனோமைடு இன்னும் பிடிவாதம், நிறுத்திய பிறகும் இரண்டு ஆண்டுகள் வரை ரத்தத்தில் தங்கலாம். அதை வெளியேற்ற 11 நாள் தனிச் சிகிச்சை உண்டு. ஆகவே 'ரெண்டு, மூணு வருஷத்துல குழந்தை வேணும்' என்ற திட்டத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டிய நாள், எந்த மாத்திரை என்று தேர்வு செய்யும் நாள்தான்.

இந்தியாவில் இந்த மூன்று மாத்திரைகளுக்கும் ஜெனரிக் கிடைப்பதால், ஊசிகளைவிடச் செலவு குறைவு. அதேசமயம் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் ஸ்டாக் இருக்காது. ஊருக்குப் போகும் முன் ஸ்ட்ரிப்பை எண்ணிப் பார்த்து எடுத்துவைப்பது நல்லது. ஃபிங்கோலிமோடில் முதல் இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள் விட்டுப்போனாலும், மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஏழு நாளுக்கு மேல் விட்டாலும், ஒரு மாதம் தாண்டியபின் 14 நாளுக்கு மேல் விட்டாலும், இதயம் பழக்கத்தை மறந்துவிட்டதாகத்தான் கணக்கு. மறுபடி இ.சி.ஜி., மறுபடி ஆறு மணி நேரம்.