வரவு இடாப்பும் குருதிக் கணக்கும்

தலசீமியா என்னுஞ் சொல்லை முதன்முதற் கேட்டபோது அது வேற்றுமொழிச் சொல் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் தேடியறிந்தேன். கிரேக்க மொழியில் ‘தலசா’ என்றாற் கடல். ‘ஐமா’ என்றாற் குருதி. 1925இல் அமெரிக்க நாட்டின் டெட்ராயிற் நகரிலே கூலி என்னுங் குழந்தை மருத்துவர் இந்நோயை விளக்கியபோது, அவர் கண்ட குழந்தைகள் மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து குடியேறியோரின் வழிவந்தவர்கள். அதனால் நோய்க்குக் கடலின் பெயர் வாய்த்தது. கடல் சூழ்ந்த மன்னாரிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்நோயை அறிமுகஞ் செய்தவள் என் மாணவி ஒருத்தி.

அவள் பத்தாந் தரத்தில் இருந்தாள். வயது பதினைந்து, பார்வைக்குப் பதினொன்று. மாதத்தின் முதலிரு வாரங்களில் அவளைப் போற் சுறுசுறுப்பான பிள்ளை வகுப்பில் இல்லை. புணர்ச்சி விதி கேட்டால் கேள்வி முடியுமுன் விடை வரும். மூன்றாம் வாரத்தில் முகம் வெளிறும். நான்காம் வாரத்தில் தலை மேசைமேற் சாயும். பின்னர் இரண்டு நாள் வரவில்லை. மறுபடியும் பழைய துடிப்பு. இந்த ஒழுங்கை நான் கண்டிருக்க வேண்டும்; காணவில்லை. இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்கள் வீட்டில் மாதந்தோறும் திருவிழாவோ?” என்று வகுப்பறிய ஒருநாட் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் ஒன்றுஞ் சொல்லவில்லை.

மறுநாட் காலை அவளுடைய தாயார் வந்தார். சேலைத் தலைப்பிற் சுற்றியிருந்த கிளினிக் கொப்பியை எடுத்து என் மேசைமேல் வைத்து, “பிள்ளை சோம்பேறியில்லை, ஐயா. இரத்தங் குறைஞ்சு போச்சுது” என்றார். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு அன்று சொல்வதற்குச் சொல் கிடைக்கவில்லை.

அக்கொப்பி கற்பித்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். குருதியின் செந்நிறப் பொருளை உடல் செவ்வனே ஆக்கமாட்டாமையே இப்பரம்பரை நோய். தாய் தந்தை இருவரும் இக்குறையைக் காவுவோராயின், ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு. கடும் நோயுற்ற பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறர் குருதியை ஏற்றியாக வேண்டும். ஏற்றப்படுங் குருதியோடு இரும்புச் சத்தும் சேர்ந்து இதயத்திலும் ஈரலிலும் படியும். அதனை வெளியேற்ற, வயிற்றுத் தோலின்கீழ் ஊசி செருகிச் சிறு பம்பி ஒன்றினால் இரவு எட்டு முதற் பன்னிரண்டு மணி நேரம் மருந்து செலுத்துவர். வாரத்தில் ஐந்தாறு இரவு இதே பாடு. இந்த நூற்றாண்டில் வாய்வழி மருந்து வந்தபின் பலருக்கு இத்துன்பங் குறைந்தது. வளர்பிறையுந் தேய்பிறையும் போல அப்பிள்ளையின் உடலுக்கு ஒரு மாதக் கணக்கு உண்டு. அது அறிவைக் கெடுக்கும் நோயன்று.

அவளுக்குக் குருதி ஏற்றுவது அனுராதபுரத்தில். தீவைவிட்டுத் தாம்போதி கடந்து, முருங்கன், மடுச்சந்தி, மதவாச்சி வழியாக நூறு கிலோமீற்றருக்கு மேற் செல்ல வேண்டும். விடியுமுன் பஸ் ஏறினாலும் அன்றே திரும்புதல் அரிது. 2022இல் எரிபொருளும் மருந்தும் ஒருங்கே அருகிய மாதங்களில் இத்தகைய குடும்பங்கள் பட்டதை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை இடங்கொள்ளாது.

இந்நோய் நம் நாட்டில் நிலைத்த வரலாறு வியப்புக்குரியது. குறையைக் காவுவோர் மலேரியாவுக்கு எளிதில் இரையாகார் என்னுங் கருத்தை 1949இல் ஹோல்டேன் என்னும் அறிஞர் வெளியிட்டார். பிந்திய ஆய்வுகள் அதற்கு வலுவூட்டின. மலேரியா நடமாடிய நிலங்களிலெல்லாம் இக்குறை தலைமுறை தலைமுறையாகத் தங்கிற்று. 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோன காய்ச்சல் குருநாகல், கேகாலைப் பக்கங்களைச் சூறையாடியது. குளமுங் காடுமான நம் வன்னிப் பெருநிலமும் அக்காய்ச்சலுக்கு அந்நியமன்று. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது, நாம் மகிழ்ந்தோம். நுளம்பின் கணக்கு முடிந்தது, குருதியின் கணக்கு முடியவில்லை.

இலங்கை மருத்துவரும் ஒக்ஸ்போர்ட் அறிஞர் டேவிட் வெதரோல் குழுவினரும் செய்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் லான்செற் இதழில் வெளியாயிற்று. எக்காலத்திலும் 2,000க்கு மேற்பட்ட நோயாளர் இந்நாட்டிற் சிகிச்சை வேண்டி நிற்பர் என்றும், அச்செலவு சுகாதார நிதியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்காகும் என்றும் அதிற் கணித்தனர். நோயாளரோடு 1,600 பாடசாலைப் பிள்ளைகளின் குருதியையும் அவ்வாய்வுக்குச் சோதித்தனர். குருதி தேடியவர்கள் பாடசாலைக்கு வந்தார்கள். அப்பிள்ளைகளுள் நோயுற்றோரின் படிப்பைப் பற்றிப் பாடசாலை இன்றுவரை மருத்துவமனையை நாடிச் சென்று கேட்டதாக நான் அறியேன்.

சட்டத்தைப் பார்ப்போம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் ஹீமோபிலியாவையும் அரிவாட் செல் நோயையும் பெயர் சொல்லியே பட்டியலிற் சேர்த்தது. வரையறுத்த அளவுக்கு மேற் பாதிப்புடையோர்க்கு உயர்கல்வியில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறையாத இடமும் ஒதுக்கியது. அரசுப் பணி ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இந்நோய்கள் பெயர் பெறவில்லை. படிக்க வைத்துப் பாதிவழியில் விடுவது அயல்நாட்டின் குறை. நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமோ வேறுவிதம். தன் வாழ்வின் தேவைகளை முற்றாகவோ ஓரளவோ தானே நிறைவேற்ற இயலாதவரையே அது இயலாமையுடையவர் என்கிறது. என் மாணவி நடப்பாள், எழுதுவாள், தானே உண்பாள். மாதத்தில் இருபது நாள் அவள் இயல்பானவள். எஞ்சிய பத்து நாளை எந்த விண்ணப்பப் படிவத்தில் எழுதுவது?

கட்டாயக் கல்வி வயதெல்லையையும் அதே 2016இல் 16 ஆக உயர்த்தினர். நல்லது. ஆயின் வரவு குறைந்த பிள்ளையைத் தேடிச் செல்லும் ஏற்பாடெல்லாம், வயலுக்கும் வாடிக்கும் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பெற்றோரை மனத்தில் வைத்தே எழுந்தது. இடாப்பிலே நோய்க்கும் சோம்பலுக்கும் ஒரே குறி. அண்மைக் காலக் கல்விச் சீர்திருத்தப் பேச்சிலே தொடர் கணிப்பீட்டுக்கு மேலும் நிறை கொடுக்க வேண்டும் என்கின்றனர். ஒரேயொரு பரீட்சையின் கொடுமையை அறிந்த நான் அதனை எதிர்க்கவில்லை. ஆனால் வாரந்தோறும் புள்ளியிடும் முறையில், நான்காம் வாரம் வீழ்கின்ற பிள்ளை வாழ்நாள் முழுதும் நான்கில் ஒரு பங்கை இழப்பாள். தாயார் வந்தபின் நான் செய்தது சிறிது: கிளினிக் நாட்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டெழுதிக்கொண்டு, தவணைப் பரீட்சைத் தாள்களை அவற்றுக்கு முன்னைய வாரத்தில் வையாது ஒதுக்கினேன். சாதாரணதரப் பரீட்சை நம் கையில் இல்லை; அதற்கு மருத்துவரே கைகொடுத்து, குருதி ஏற்றும் நாளை முன்தள்ளி வைத்தார். இவ்வளவுக்கும் ஒரு கடிதமே செலவு.

உடனாசிரியர் ஒருவர், “ஒருத்திக்காக அட்டவணையை மாற்றினால் நாளை எல்லாரும் கேட்பார்களே” என்றார். கேட்கட்டும். மூன்று வாரத்துக்கொருமுறை பிறர் குருதி ஏற்றிக்கொண்டு வந்து கேட்பவர் எத்தனை பேர் என்று பார்ப்போம்.

கடிதத்தைவிடக் கடினமானது இரகசியம். நோய் வெளிப்பட்டால் அக்காளின் கலியாணம் தடைப்படும் என்று அக்குடும்பம் அஞ்சியது. காவுவோர் இருவர் தம்முள் மணஞ் செய்யாதிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வது தக்கதே. காவும் ஒருவர் காவாத ஒருவரை மணந்தால் அவர்தம் பிள்ளைகளுக்கு இக்கடும் நோய் வராது என்பதையும் அதே மூச்சிற் சொல்ல வேண்டும். முன்னதை மட்டுங் கேட்ட ஊர் பெண்ணையே தள்ளிவைக்கிறது. மச்சான் மச்சாள் முறையில் மணக்கும் நம் வழக்கில், ஒரு துளிக் குருதிச் சோதனையைச் சாதகப் பொருத்தத்துக்கு முன் வைத்தால் யாருக்கு என்ன நட்டம்? இதனை வகுப்பிற் சொல்ல உயிரியல் ஆசிரியர் தயங்கினார். அவள் அங்கே இருக்கிறாளே என்றார். மெண்டலின் பட்டாணிக் கதையைக் கேட்டுக்கொண்டு அவள் தலைகுனிந்திருந்ததாக அவரே பின்னர் என்னிடம் கூறினார்.

பரிசளிப்பு விழாவில் முழுவரவுப் பரிசு என்றொன்று உண்டு. ஆண்டு முழுதும் ஒருநாளுந் தவறாது வந்த பிள்ளைக்கு ஒரு கிண்ணமும் கைதட்டலும். பல ஆண்டு அப்பட்டியலை ஆக்கியவன் நானே. சென்ற முறை அப்பரிசை நிறுத்துமாறு குழுவிற் கேட்டேன். மூவர் உடன்பட்டனர், ஐவர் மறுத்தனர். இவ்வாண்டுக் குழு அடுத்த மாதங் கூடுகிறது. மறுபடியுங் கேட்க இருக்கிறேன்.