ஆவாரம்பூவும் அக்காள் மகளும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்புப் பக்கம் அகரம் என்று ஒரு ஊர். முத்தாலம்மன் கோவிலைச் சொன்னால் அந்தச் சீமையில் வழி காட்டாதவர் கிடையாது. என் அக்காளை அங்கேதான் கொடுத்திருக்கிறது. அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, முகூர்த்தத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் எனக்கு டெலிபோன் வந்தது.

"தம்பி, வெரசா கிளம்பி வாடா. பிள்ளை மூஞ்சியைப் பார்க்கச் சகிக்கலே!" என்றாள் அக்காள்.

போய்ப் பார்த்தேன். அழகான பெண். ஆனால் அன்று நெற்றியும் இரு கன்னங்களும் தணலில் காட்டிய அப்பளம் போல் இருந்தன. அங்கங்கே சிவப்பு, அங்கங்கே கருப்பு. "மாமா, எதுவும் கேட்காதீங்க!" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியுமா? பத்திரிகைக்காரன் அல்லவா!

விஷயம் இதுதான். சிநேகிதிகளோடு கொடைக்கானலுக்குப் போனவள், அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் 'ஸ்பா' என்று சொல்கிறார்களே, அந்தச் சருமச் சிகிச்சை நிலையத்துக்குள் நுழைந்திருக்கிறாள். மெல்லிய சங்கீதம், பித்தளைத் தாம்பாளத்தில் உலர்ந்த பூக்கள், பாலில் குழைத்த ஒரு பொடி, வெந்நீரில் மிதக்கும் ரோஜா இதழ். வெளியே வரும்போது பில்லும் வந்தது. அதை அவள் அப்பாவிடம் இன்றுவரை காட்டவில்லை. பொடியில் என்ன இருக்கிறது என்று விசாரித்தபோதுதான் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். முதல் சரக்கே ஆவாரம்பூ! அகரத்தில் ஆடு மேயும் தரிசெல்லாம் பூத்துக் கிடக்கிற, யாரும் காசு கொடுத்து வாங்காத அதே ஆவாரம்பூ!

அந்தச் செடி கொஞ்சப் பெருமை உள்ளதல்ல. காதல் கைகூடாமல் மடலேறப் போன சங்க காலத்து இளைஞன் அணிந்த மாலைகளில் ஆவிரையும் உண்டு. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது வேப்பிலை, சிறுபீளையோடு இதுவும் சேரும். திண்டுக்கல்லுக்கோ இதனிடம் இன்னொரு பந்தம். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர் போன ஊர் அல்லவா? அந்தக் காலத்தில் தென்னாட்டில் தோல் பதனிட உதவியது ஆவாரம் பட்டைதான். பிறகு வாட்டில் மரத்துப் பட்டை வந்தது. அப்புறம் குரோமிய உப்பு வந்தது. அந்தக் கழிவு நீர் கிணறுகளைக் கெடுத்து, 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்ல வேண்டிய அளவுக்குப் போனது தனிக் கதை. அதை இங்கே இழுத்தால் ஆசிரியர் என் காதைப் பிடிப்பார்.

நமது கல்யாணப் பெண்ணுக்கு வருவோம். ஊர் திரும்பியவள் தானே பொடி செய்யத் தொடங்கினாள். ஆவாரம்பூ தரிசில் கிடைத்தது. காய்ந்த ரோஜா இதழ், மகிழம்பூ, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், கார்போக அரிசி எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தன. கார்போக அரிசி முகத்துக்கு ரொம்ப நல்லது என்று யாரோ சொன்னார்களாம். நல்லதுதானே என்று இரண்டு பங்கு கூட்டிப் போட்டாள். குழைத்து அப்பிக்கொண்டு, சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் முகம் எரிந்தது. அதற்கு மறுநாள் கொப்பளித்தது.

திண்டுக்கல்லில் சரும வைத்தியரிடம் அழைத்துப் போனோம். பொடியின் ஜாபிதாவைக் கேட்டதுமே அவர் சிரித்துவிட்டார். கார்போக அரிசியில் 'சொராலென்' என்ற சத்து இருக்கிறது. அது தோலில் ஊறியபின் வெயில் பட்டால், வெயிலின் புற ஊதாக் கதிர் பல மடங்கு கடுமையாக வேலை செய்யும். வெண்புள்ளி வைத்தியத்தில் இந்தக் குணத்தைத்தான் அளவோடு பயன்படுத்துகிறார்கள். அளவில்லாமல் நல்ல தோலில் போட்டால் வெந்துதான் போகும். எலுமிச்சம்பழச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் நடந்தாலும் இதே கதி நேரலாமாம். களிம்பு கொடுத்து, வெயிலில் தலை காட்டாதே என்று அனுப்பினார். கருமை மறைய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம் என்றார். அக்காள் கண்ணில் முகூர்த்த நாள் நீராகத் துளிர்த்தது.

வீட்டில் ஒரு பெரியவள் உண்டு, அக்காளின் மாமியார். எனக்கு அத்தை முறை. நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "பூ என்னடா பண்ணும்? அழுக்கைப் போக்குறது பயறு. பூ வாசனைக்கு" என்றாள் ஒரே வரியில். யோசித்துப் பார்த்தால் அதில் விஞ்ஞானம் இருக்கிறது. பச்சைப்பயற்று மாவு எண்ணெயை உறிஞ்சுகிறது. மெல்லத் தேய்க்கும்போது மேல்தோலின் செத்த செதிலை எடுக்கிறது. சோப்பின் காரம் அதில் இல்லை. ரோஜா இதழின் துவர்ப்பு சருமத்தைச் சற்று இறுக்கும். அவ்வளவுதான்.

ஆனால் வாசனை விஷயத்தில் அத்தைக்கு நிகர் அத்தைதான். "மல்லிகையை ஏன் போடுவதில்லை?" என்று கேட்டேன். திண்டுக்கல் பூச் சந்தையிலும் நிலக்கோட்டையிலும் குவிகிற பூ ஆயிற்றே! மல்லிகை காய்ந்தால் சருகு, மணம் போய்விடும். அதனால்தான் மிஞ்சும் மல்லிகையை உலர்த்தாமல் சென்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். மகிழம்பூவோ காய்ந்த பிறகும் மாதக் கணக்கில் மணக்கும். ரோஜாவும் ஓரளவு தாங்கும். சந்தை ரோஜாவை மட்டும் முகத்துக்கு உலர்த்தாதே என்றாள் அத்தை. பூச்சி மருந்து அடித்து வருகிற பூ. காய்ந்தால் தண்ணீர்தான் போகும், மருந்து போகாது. கொல்லையில் இரண்டு நாட்டு ரோஜாச் செடி வைத்திருக்கிறாள், அதற்காகவே.

பறிக்கிற பக்குவமும் உண்டு. பனி உலர்ந்தபின் பறிக்க வேண்டும். வெயிலில் போட்டால் ஆவாரம்பூவின் பொன்னிறம் வெளிறும். நிழலில், வேட்டித் துணியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். கூடை நிறையப் பறித்தால் காய்ந்தபின் கையளவு தேறினால் பாக்கியம். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். துவண்டால் டப்பாவுக்குள் பூஞ்சணம் பூக்கும். இன்னொன்றையும் அத்தை அழுத்திச் சொன்னாள்: மில்லில் அரைக்கக் கொடுக்கும்போது, நமக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய் என்றால் திரும்பி வந்துவிட வேண்டும்! கிழங்குகளை வேண்டுமானால் மில்லில் கொடுக்கலாம். பூவை அத்தை அம்மியில்தான் பொடிக்கிறாள்.

இத்தனைக்கும் பெண்ணின் மனசில் இருந்த முள் வேறு. "மாமா, கல்யாணத்துக்குள்ளே வெள்ளையாகிடலாம்னு நினைச்சேன்" என்றாள் மெதுவாக. எந்தப் பூவும் பிறவி நிறத்தை மாற்றாது. மாற்றுவதாகச் சொல்லி விற்கிற சில களிம்புகளில் பாதரசம் இருக்கிறது. 2023-ல் கேரளத்தில் மலப்புரம் பக்கம், அத்தகைய களிம்பு தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பழுதான செய்தி பத்திரிகைகளில் வந்ததே! அதைச் சொன்னேன். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து லேபிள் ஒழுங்காக இல்லாத ஒரு சிறு டப்பாவை எடுத்துப் பேசாமல் என் கையில் கொடுத்தாள். மூடி இன்னும் திறக்கப்படவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

முகூர்த்தத்தன்று கருமை பாதி மறைந்திருந்தது; மீதி தெரியத்தான் தெரிந்தது. போட்டோக்காரர் படத்தில் அதை அழித்துத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். நலங்கில் மாப்பிள்ளை மெல்லக் குனிந்து, "வெயிலில் அலைச்சலா?" என்று கேட்க, பெண் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "எங்க அம்மாகூட உனக்காக ஒரு டப்பாப் பொடி அரைச்சு வச்சிருக்காங்களே!" என்றாராம் அவர்.

காதில் விழுந்ததும் அத்தை எழுந்து, சம்பந்தியம்மாள் எங்கே என்று தேடிக்கொண்டு போனாள்.