பிள்ளை மேல் கேஸ். காலேஜில் சீட்டு கிடைக்குமா?

சென்ற மாதம் ஒரு நாள், விளக்கேற்றும் நேரம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தாய்மார்கள் என்னைத் தேடி வந்தார்கள். நான் வக்கீல் தொழிலில் இருப்பவள் என்பது தெருவுக்கே தெரியும். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. காபி கலந்து கொடுத்தேன். டம்ளரைத் தொடக்கூட இல்லை.

"அக்கா, பசங்க மேல போலீஸ்ல கேஸ் எழுதிட்டாங்க. இனிமே எந்தக் காலேஜுல சேர்த்துப்பாங்க?" என்று ஒருத்தி விம்மினாள்.

விஷயம் இதுதான். பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரம் பஸ் ஸ்டாப்பில் வாய்த்தகராறு. அது கைகலப்பாகி, இன்னொரு பையனுக்கு நெற்றியில் காயம். சம்பவம் நடந்த அன்று இவர்களில் ஒரு பிள்ளைக்கு வயது 17-ம் பத்து மாதமும். மற்றவனுக்கு 18 முடிந்து இரண்டு மாதம்.

"தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார்க்கா. கோர்ட்டுல தப்பை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுடுமாம்" என்றாள் மற்றவள்.

எனக்குப் பகீரென்றது. அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன் சகோதரிகளே. நம் வீட்டில் நடக்காது என்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நடந்த பிறகு தேடுவதைவிட முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதலில் ஓர் ஆறுதல். எஃப்.ஐ.ஆர். என்பது "இப்படி ஒரு புகார் வந்திருக்கிறது" என்று போலீஸ் எழுதிக்கொள்ளும் முதல் தகவல் அறிக்கை. அது தண்டனை அல்ல. விசாரணை, குற்றப்பத்திரிகை, கோர்ட் தீர்ப்பு எல்லாம் அதற்குப் பின்னால்தான். நம் மாநிலத்தில் என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவற்றைக் கேட்பார்களே தவிர, போலீஸ் சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆகவே கேஸ் எழுதிய அன்றே படிப்பு போய்விட்டது என்று அழ வேண்டாம்.

இனி வயதுக்கு வருவோம். ஒரே சண்டைதான், ஆனாலும் இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சட்டம் இரண்டு வழி வைத்திருக்கிறது.

18 நிறையாத பிள்ளைக்கு 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டு போக வேண்டும். அவனுடைய பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகையில் போடுவது குற்றம். தப்பு செய்தான் என்று குழுமம் முடிவு செய்தாலும், தண்டனை பெற்றவர்களுக்கு வரும் எந்தத் தகுதிக் குறைவும் அவனுக்குக் கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. உரிய காலம் கழித்து அந்தப் பதிவேடுகளையே அழித்துவிட வேண்டும். முடிந்துபோன அந்த வழக்கைப் பற்றி நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூடப் போலீஸ் யாருக்கும் சொல்லக் கூடாது. இது 74-ஆவது பிரிவு. பிள்ளைக்குப் புது வாழ்வு வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். 16 வயது முடிந்த பிள்ளை மிகக் கொடிய குற்றத்தில் சிக்கி, பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால் மட்டும் இந்தச் சலுகை இல்லை.

இதில் தாய்மார்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டையும் பிறப்புச் சான்றிதழையும் முதல் நாளே எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சம்பவ நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. விசாரணை நாளில் அல்ல. ஆள் வளர்ந்திருக்கிறான், மீசை அரும்பிவிட்டது என்பதற்காகப் பெரியவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டால் சும்மா இருந்துவிடாதீர்கள். வயதுக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

இரண்டாவது பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டது. அவனுக்கு மாஜிஸ்டிரேட் கோர்ட். இங்கேதான் அந்தத் "தெரிஞ்சவர்" சொன்ன யோசனை ஆபத்து. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அன்றைக்கு வேலை முடிந்தாற்போலத் தோன்றும். ஆனால் சட்டப்படி அது தண்டனை பெற்றதாகவே பதிவாகும். கட்டியது நூறு ரூபாயாக இருந்தாலும் சரி. நாளைக்கு விண்ணப்பத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்று கேட்டால், "ஆமாம்" என்றுதான் எழுத வேண்டி வரும்.

மாறாக, சிறு காயம் போன்ற சில குற்றங்களில், காயம்பட்டவர் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் கோர்ட் மூலமாகவே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படிச் சமரசமானால் விடுதலையானதற்குச் சமம். ஒன்று தண்டனை, ஒன்று விடுதலை. எத்தனை வித்தியாசம் பாருங்கள்! சமரசத்துக்கு இடமில்லாத பிரிவு என்றால், வழக்கை ரத்து செய்யும்படி ஹைகோர்ட்டில் மனுப் போடும் வழி இருக்கிறது. தண்டனையே ஆனாலும், முதல் தடவை தவறியவர்களை 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கும்படி கேட்கலாம். அதன்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தகுதிக் குறைவு வராது. ஆகவே வக்கீலைக் கேட்காமல் "ஒத்துக்கிறேன்" என்ற வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வரக் கூடாது.

"வக்கீலுக்குப் பணம் எங்கே போவது?" என்கிறீர்களா? ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். போனில் கேட்க 15100. 18-க்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 1098.

ஒரே ஒரு குற்றம் மட்டும் காலேஜ் கதவை நேரடியாகவே சாத்திவிடும். அது ராகிங். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவன் ராகிங் கொடுமையில் உயிரிழந்ததை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் வந்த 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, ராகிங் செய்தவருக்கு 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் காலேஜிலிருந்து நீக்க வேண்டும். வேறு எந்தக் கல்வி நிலையத்திலும் சேர்க்கக் கூடாது. அட்மிஷன் சமயத்தில் ராகிங் செய்யமாட்டேன் என்று பிள்ளையிடமும் நம்மிடமும் கையெழுத்து வாங்குகிறார்களே, அதைப் படிக்காமல் போடாதீர்கள். பிள்ளையை எதிரே உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, விண்ணப்பத்தில் பொய் எழுத வேண்டாம். சில படிவங்களில் வழக்கு நிலுவையில் உண்டா என்று கேட்பார்கள். 18 முடிந்த பிள்ளையானால் உள்ளதை உள்ளபடி எழுதி, வழக்கின் நிலையையும் ஒரு வரி சேர்க்கட்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த சீட்டும் போய்விடும். வேலை விஷயத்திலும் இதே கதைதான். 2016-ல் உச்ச நீதிமன்றம், கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமானால், மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 18-க்கு முன் நடந்ததைப் பற்றிக் கேட்டால் என்ன எழுதுவது என்பதை மட்டும் வக்கீலைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் சட்டம். வீட்டுக்குள் நடக்க வேண்டியது வேறு. "உன்னால மானமே போச்சு" என்று அந்தப் பிள்ளையைத் தினமும் குத்தாதீர்கள். சரியாகச் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறானா என்று கவனியுங்கள். அதே சமயம் "என் பிள்ளை செய்திருக்கவே மாட்டான்" என்று தூக்கி வைத்தும் பேசாதீர்கள். அடிபட்டதும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

நான் இதைச் சொன்னதும் அந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் நெற்றியில் தையல் போட்ட பையனின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். சமரசம் பேச அல்ல, "தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்க. கதவைத் திறந்த அம்மா முதலில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிறகு, "உள்ள வாங்க" என்றாளாம்.

கேஸ் இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் இருவரும் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள்.